பூட்டுக்காரியின் கைகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் நலம். பல்வலி போய்விட்டது, கூடவே பல்லும் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? அண்ணியின் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா?

போன மாதம் உன்னிடமிருந்து வந்தது கடிதமா, ஏதாவது ஆபீஸ் நோட்டீஸா என்று உறையைப் பிரித்ததும் குழம்பிப்போனேன். டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கீழே "இப்படிக்கு" வேறு! நான் ஸ்கூலில் படித்த காலத்திலிருந்து உன் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இரட்டைச் சடையோடு நான் இருப்பேன். ஒரு தடவை மரத்தில் தொங்குவேன், ஒரு தடவை கணக்கு டீச்சரைக் கடிப்பேன். இந்தத் தடவை என்னைக் காணோம். நாற்பது வயதானதும் ஆளையே நீக்கிவிட்டாயா?

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உன் பூட்டுக்காரியை வைத்துப் பாட்டு வீடியோ செய்துகொண்டிருக்கிறேன். உன் காமிக்ஸ் இதழ்களைக் காசு கொடுத்துத்தான் கம்ப்யூட்டரில் இறக்கினேன், சந்தேகப்படாதே. ஒவ்வொரு கட்டமாக வெட்டி, பேச்சு பலூனை அழித்து, பூட்டுக்காரியைத் தனியாகவும் அவள் பின்னால் இருக்கும் தெருவைத் தனியாகவும் பிரித்துக்கொள்வேன். தெருவை மெதுவாக நகர்த்தி, அவளைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினால், பார்க்கிறவர்களுக்கு அவள் நடந்து போவது போலவே இருக்கும். பாட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்ட ஒரு பாடகியுடையது. வீடியோவின் கடைசியில் அவளுக்கும் உங்கள் கம்பெனிக்கும் நன்றி போடுகிறேன். கண்ணாடிக் கடையில் வாரம் ஆறு நாள் ஊரார் பார்ப்பதற்காக லென்ஸ் தேய்க்கிறேன். ஏழாவது நாள் எனக்காகப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நான் உன் தங்கை என்று வீடியோ போடுகிற இடத்தில் யாருக்கும் தெரியாது. என் பெயர் அங்கே "மூன்றாம் சாவி". உன் கம்பெனி கோபப்படுமா என்று எழுது. போனில் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் "ம்", "அப்புறம்" என்பதைத் தாண்டியதே இல்லை.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
வாலு


பிப்ரவரி 20

அன்பு வாலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் படி ஏறுகிறது, இறங்கும்போதுதான் சண்டை போடுகிறது. உன் பல்லுக்கு என் அனுதாபம்.

டைப் அடிப்பது வேகம், வேறொன்றும் இல்லை. படம் போட நேரமில்லை. இருபத்து நான்காவது இதழோடு பூட்டுக்காரி முடிகிறாள். செப்டம்பரில் வெளிவர வேண்டும். எட்டு வருடமாக வரைந்த ஒருத்தியை முப்பத்திரண்டு பக்கத்தில் வழியனுப்ப வேண்டும் என்றால் உனக்குச் சடை பின்ன எனக்கு எங்கே நேரம்?

உன் வீடியோ இரண்டையும் அண்ணியோடு பார்த்தேன். முதலில் எரிச்சலாக இருந்தது. நான் நிற்க வைத்தவளை நீ நடக்க வைத்திருக்கிறாய். பிறகு அண்ணி, "நல்லாத்தானே இருக்கு, மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். இரண்டாம் தடவை பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியில் இதையெல்லாம் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். எங்கள் எடிட்டர் அம்மாவே ரகசியமாகப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பலூனுக்குப் பின்னால் நாங்கள் வரைவதில்லை. அங்கே காலியாகத்தான் இருக்கும். நீ அழித்துவிட்டு அங்கே சுவரையும் வானத்தையும் போட்டு நிரப்பியிருக்கிறாய். நிரப்பும்போது கொஞ்சம் அடக்கமாக நிரப்பு.

வேலை அழைக்கிறது, எழுந்து போகிறேன்.
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலமே. கடையில் புது மெஷின் வந்திருக்கிறது. முதலாளி அதற்கு மாலை போடாத குறைதான். அண்ணியிடம் படி இறங்கும்போது கைப்பிடியை விடவேண்டாம் என்று சொல்.

உன்னைப் பற்றி ரசிகர்கள் என்னவெல்லாம் பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? பதினெட்டாம் இதழில் பூட்டுக்காரிக்கு ஒரு நீளக் கோட்டு மாட்டிவிட்டாய் இல்லையா, அன்று பாக்கெட்டில் விட்ட கையை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை. ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் கையாலேயே திறக்கிறவள், இப்போது கதவை நெருங்குகிறாள், அடுத்த கட்டத்தில் கதவு திறந்து கிடக்கிறது. அவள் கையில் யாரோ சூடு போட்டுவிட்டார்கள் என்கிறான் ஒருவன். இல்லை, இவள் அவளே இல்லை, இரட்டைப் பிறவித் தங்கை என்று நான்கு பக்கத்துக்கு ஆதாரம் எழுதியிருக்கிறான் இன்னொருவன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

எனக்கு மட்டும் சொல்லேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன். அந்தப் பாக்கெட்டுக்குள் என்னதான் வைத்திருக்கிறாய்?

அடுத்த பாட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கதவு தட்டுவதைப் பற்றிய பாட்டு. கேட்டதிலிருந்து தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆவலை அடக்க முடியாத,
வாலு


மார்ச் 30

அன்பு வாலுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பூட்டுக்காரிக்குக் குளிர். அதனால் பாக்கெட்டில் கை விட்டிருக்கிறாள். இதற்குப் போய் நான்கு பக்கம் ஆதாரமா?

அந்தக் கதவு தட்டும் பாட்டை விட்டுவிட்டு வேறு எதையாவது எடேன். மழை, ரயில் என்று எவ்வளவோ பாட்டு இருக்கிறது. அவள் ஓடுகிற கட்டங்கள் என்னிடம் ஏராளம். அவற்றை எடுத்துக்கொள்.

புது மெஷின் எப்படி வேலை செய்கிறது? அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலமோ நலம். ஏன் என்று கேள்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. சின்ன வயதில் கேட்டிருந்தால்தானே இப்போது கேட்பதற்கு! கதவு தட்டும் பாட்டையே எடுத்தேன். பல்லவி வரும் இடத்திலெல்லாம் கை வேண்டும். கடைசி ஐந்து, ஆறு இதழ்களில் ஒரு கைகூட உருப்படியாகக் கிடைக்காமல் மண்டை காய்ந்துவிட்டது. கோட்டு பாக்கெட், இல்லாவிட்டால் கதவு மறைக்கும், இல்லாவிட்டால் சரியாக மணிக்கட்டின் மேல் ஒரு பலூன் உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு வேலை செய்தேன். மூன்றாம் இதழிலிருந்தும் ஏழாம் இதழிலிருந்தும் அவள் கைகளை வெட்டி எடுத்தேன். இருபத்தோராம் இதழின் பலூன்களை அழித்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் அவற்றை ஒட்டினேன். நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒட்டு தெரிகிறதா பார். தெரிந்தால் என் காதை அறுத்துத் தருகிறேன்.

ஒன்பதே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்! "பூட்டுக்காரிக்குக் கை திரும்ப வந்துடுச்சு" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பார்த்துவிட்டு உடனே எழுது. நீ சந்தோஷப்படுவதை இங்கிருந்தே பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

கர்வத்தோடு,
மூன்றாம் சாவி என்கிற வாலு


மே 1

வாலு,

அந்த வீடியோவை எடுத்துவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே எடுத்துவிடு.

எவனோ ஒரு ரசிகன் உன் வீடியோவையும் என் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினெட்டாம் இதழிலிருந்து இருபத்து மூன்று வரை எத்தனை கை இருக்கிறது என்று எண்ணியிருக்கிறான். ஆறு இதழில் மொத்தம் நான்கு. எடிட்டர் அம்மா அந்தப் பட்டியலை மேஜைமேல் வைத்து, "வீட்ல உக்காந்து வீடியோ பண்றவங்களால முடியுது. நமக்கு ஏன் முடியல?" என்று கேட்டார்கள். கடைசி இதழை வேறு ஒருவரிடம் வரையக் கொடுக்கலாமா என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. ஜூலை பதினைந்துக்குள் பத்துப் பக்கம் காட்ட வேண்டும். கை தெரிகிற பத்துப் பக்கம்.

காலியாக விட்ட இடத்தை அடக்கமாக நிரப்பு என்று சொன்னேன்.

அண்ணன்


மே 9

அண்ணா,

எடுத்துவிட்டேன். உன் கடிதத்தை நின்றபடியே படித்து, உட்காராமலே எடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. நான் கொண்டாடுகிறேன் என்று நினைத்து உன்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நீ "சுகம்" என்றுதான் எழுதுவாய். அதனால் நானே சொல்கிறேன், தப்பென்றால் திட்டு.

நேற்று உன் இதழ்களையெல்லாம் வரிசையாகத் திறந்து வைத்தேன். வீடியோவுக்காக இல்லை. கடையில் லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி, ஒவ்வொரு கோட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினேழாம் இதழில் அவள் விரல்கள் கொஞ்சம் கனத்திருக்கின்றன. அதற்கப்புறம் அந்த நீளக் கோட்டு வந்துவிடுகிறது. போன வருடம் முழுக்க உன் கடிதங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன, நான்கு பக்கம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி. இப்போது டைப். என் இரட்டைச் சடையையும் காணோம்.

போன தடவை நீங்கள் வந்துவிட்டுத் திரும்பும்போது, ஸ்டேஷனில் அண்ணி உன் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். "இந்த வயசுல என்ன கொஞ்சல்!" என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரித்தாய். அண்ணி சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிற கடையில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாமல் போனதே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

உன் கைக்கு என்ன அண்ணா?

வாலு


ஜூன் 11

அன்பு வாலுக்கு,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை அடித்து அடித்து அழித்தேன்.

நடுங்குகிறது. இரண்டு வருடமாக. சும்மா மடியில் வைத்திருந்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். எதையாவது குறிபார்த்து எடுக்கப் போனால் ஆரம்பித்துவிடும், பேனா, ஸ்பூன், பொத்தான், எதுவானாலும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருகிறதே தவிர கோடு வருவதில்லை.

நீளமான கோடுகளுக்குப் பிரச்சினை இல்லை. கோட்டு, தெரு, கட்டடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே நேராக்கிக் கொடுத்துவிடுகிறது. முகத்தைக்கூட ஐந்தாறு தடவை முயன்று எப்படியோ கொண்டுவந்துவிடுகிறேன். விரல்கள்தான் முடியவில்லை. அவை எல்லாமே சின்னச் சின்ன வளைவு. நேராக்கச் சொன்னால் கையுறை மாட்டின மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் கோட்டு மாட்டினேன். பலூன் போடுகிற தம்பியிடம், "இங்க வைப்பா, அழகா இருக்கும்" என்று மணிக்கட்டைக் காட்டினேன். அவனும் வைத்தான்.

உன் வீடியோவைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லட்டுமா? ஒட்டு தெரியவில்லை. இருபத்தோராம் இதழின் உடம்பில் மூன்றாம் இதழின் கை அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. அது என் கை. என்னிடம் இல்லாத என் கை. அண்ணி பக்கத்தில் இருந்ததால் அழாமல் எழுந்து போனேன்.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நாளைக்கே "ஓய்வெடுத்துக்குங்க" என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள். பூட்டுக்காரியை வேறு எவனோ முடித்துவைப்பான். எனக்கு அது மட்டும் தாங்காது, வாலு. மற்றது எல்லாம் தாங்கும். ஜூலை பதினைந்துக்கு ஒரு பக்கம்கூடத் தயாராக இல்லை.

சுகமில்லை என்று முதல்முறையாக எழுதுகிற,
அண்ணன்


ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டேன். மூக்கில் ஜலதோஷம் என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதில் ஒன்றிலிருந்து பதினாறாம் இதழ் வரை நீ வரைந்த பூட்டுக்காரியின் கைகள் எல்லாம் இருக்கின்றன. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் பின்னணி இல்லாமல் வெட்டியிருக்கிறேன். சாவி பிடித்த கை, விளக்கு பிடித்த கை, கன்னத்தில் வைத்த கை, காவல்காரரைப் பார்த்து "போய்யா" என்று ஆட்டுகிற கை, எல்லாம் தனித்தனி ஃபோல்டரில். இடது, வலது பிரித்திருக்கிறேன். ஒன்பதாம் இதழில் ஒரு கைக்கு ஆறு விரல் வரைந்திருக்கிறாய், இத்தனை வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை! அதற்கும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது.

இது திருட்டு இல்லை அண்ணா. எல்லாம் நீ வரைந்தது. உன்னுடையதை உனக்கே அனுப்புகிறேன். ஒட்டத் தெரியாவிட்டால் சொல், வந்து உட்கார்ந்து ஒட்டித் தருகிறேன். வேறு எவனும் அவளைத் தொடக்கூடாது.

நான் கட்டியணைத்ததாக அண்ணியிடம் சொல். இரண்டு வருடம் தனியாகப் பொத்தான் போட்டிருக்கிறாள்.

உன் பக்கம் நிற்கும்,
வாலு


ஆகஸ்ட் 5

அன்பு வாலுக்கு,

இங்கே பரவாயில்லை. இந்தத் தடவை நிஜமாகவே பரவாயில்லை.

உன் கைகளை வைத்துப் பத்துப் பக்கம் செய்தேன். ஒட்டுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. ஜூலை பதினான்காம் தேதியே கொண்டுபோய்க் காட்டினேன். எடிட்டர் அம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்து, "பாருங்க, கை திரும்ப வந்துடுச்சு! இத்தனை நாள் ஏன் சார் சும்மா பயமுறுத்துனீங்க?" என்று சிரித்தார்கள். எனக்கு டீ வரவழைத்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

டீ வந்தது. வழக்கம்போல வேண்டாம் என்று சொல்லப் போனேன். மேஜைமேல் பூட்டுக்காரி கிடந்தாள், எட்டு வருடத்துக்கு முந்தைய கையோடு. இவளும் என்னை மாதிரியே இல்லாத கையை இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. கப்பை எடுத்தேன். பாதி டீ சாஸரில் கொட்டியது, மீதி என் சட்டையில். கீழே வைக்கும்போது கப் கடகடவென்று ஆடியது.

எடிட்டர் அம்மா என் பக்கம் கைக்குட்டையை நீட்டினார்கள். பிறகு, "ரெண்டு வருஷமா டீ வேண்டாம்னீங்களே. சர்க்கரைன்னுல்ல நெனச்சேன்!" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கையோட முடிக்கணுமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அப்ப உங்க கையோடயே முடிங்க. தேதிய நான் பாத்துக்கறேன்" என்றார்கள். அதிகப்படியாக ஒரு வாரம்தான் கிடைத்தது, ஆனால் கிடைத்தது.

உன் கைகள் வீணாகவில்லை. பூட்டுக்காரி பழசை நினைத்துப் பார்க்கிற பக்கங்கள் எட்டு இருக்கின்றன. அங்கே உன் ஃபோல்டரிலிருந்து நாற்பத்து மூன்று கைகள் எடுத்தேன். ஆறு விரலும் போகிறது, யாராவது கண்டுபிடிக்கட்டும். மற்ற பக்கங்களை நானே வரைகிறேன். எதையும் நேராக்கச் சொல்லவில்லை.

கையால் எழுதிய இந்தக் கோணல் எழுத்தையும் இதற்குக் கீழே இருப்பதையும் பார்த்துச் சிரிக்காதே. படத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது.

கையெழுத்துப் போடுகிற,
அண்ணன்


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன், இப்போதெல்லாம் நம்ப முடிகிறது.

நீ வரைந்து அனுப்பிய இரட்டைச் சடை பெண்ணைக் கடையில் என் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். புயலில் மாட்டின மாதிரி இருக்கிறாள். முதலாளி பார்த்துவிட்டு, "யாரும்மா இது, தலைய விரிச்சுப் போட்டுகிட்டு?" என்றார். நான்தான் என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, மூக்கு அப்படியே இருக்கு" என்றார்.

இருபத்து நான்காம் இதழை வெளியான அன்றே வாசித்தேன். முன்பெல்லாம் பூட்டுக்காரி ஒரே கட்டத்தில் பூட்டைத் திறந்துவிடுவாள். இதில் அந்தக் கடைசிக் கதவின் முன்னால் ஒரு பக்கம் முழுக்கச் சும்மா நிற்கிறாள். பிறகு காவல்காரர் முன்னாலேயே பாக்கெட்டிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து, "விளக்கப் பிடி. கை நடுங்குது. கொஞ்சம் நேரமாகும்" என்கிறாள். அவர் ஒன்றுமே கேட்காமல் விளக்கைப் பிடிக்கிறார். ஒன்பது கட்டம் ஆகிறது அவளுக்கு, ஒன்பதிலும் சாவி வேறு வேறு இடத்தில் உரசுகிறது. ஒரு கட்டத்தில்கூட கைமேல் பலூன் இல்லை. பூட்டு திறந்தபோது நான் கடையில் இருக்கிறேன் என்பதையே மறந்து கைதட்டிவிட்டேன். கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் பயந்துபோனார்.

வீடியோவுக்கு எடிட்டர் அம்மாவே சரி சொல்லிவிட்டார்களா என்று கேட்டதற்கு நீ போனில் "ம்" சொன்னாய் அல்லவா, அதை நம்பி அதே கதவு தட்டும் பாட்டுக்கு மறுபடியும் வீடியோ செய்தேன். பல்லவியில் உன் பழைய கைகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. கடைசிப் பல்லவிக்கு, அவள் கையை வெளியே எடுக்கிற அந்த ஒரு கட்டம் மட்டும். அதை நான் தொடவே இல்லை அண்ணா. வெட்டவில்லை, பிரிக்கவில்லை, பெரிதாக்கவில்லை. பதினோரு நொடி அப்படியே நிற்க விட்டுவிட்டேன்.

அதற்குக் கீழே நேற்று ஒரு பையன் எழுதியிருக்கிறான்: "மூன்றாம் சாவி, கடைசியில அந்தக் கைய மட்டும் எப்படி அசைய வச்சீங்க? சொல்லிக் குடுங்களேன்."

நான் இன்னும் பதில் எழுதவில்லை. அசைய வைத்தது உன் கோடு, நீயே சொல்லிவிடு.

அடுத்த கடிதத்தையும் கையாலேயே எழுது என்று கேட்டுக்கொள்ளும்,
வாலு